ஓடுவது சுலபம், நிற்பதுதான் பாடு

நானும் என் துணைவனும் படகிலேயே குடியிருக்கிறோம் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “நடுக்கடலில் புயல் வந்தால் என்ன செய்வீர்கள்?” ஆறு வருடமாகப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நடுக்கடலில் எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் நடந்ததில்லை. பசிபிக்கில் கலாபகஸ் தீவுகளிலிருந்து மார்கேசஸ் தீவுகளுக்குச் சுமார் 3,000 கடல் மைல். இருபத்து நான்கு நாள் பிடித்தது. அத்தனை நாளில் நடந்த மிகப் பெரிய விபத்து, குக்கர் சரிந்து ராத்திரிச் சாப்பாடு முழுக்கப் படுக்கையில் கொட்டியது. மற்றபடி வணிகக் காற்று 15, 20 நாட் வேகத்தில் பின்னாலிருந்து விடாமல் வீச, படகு தன்பாட்டுக்கு மேற்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். படகின் வேகம் சராசரியாக ஐந்து நாட்தான். சைக்கிளில் போகிறவர் கூட எங்களைத் தாண்டிப் போய்விடுவார்.

எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்ததெல்லாம் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான். அதுவும் பெரும்பாலும் படகு நின்றுகொண்டிருந்தபோது.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். வருடத்தில் நாங்கள் பாய் விரித்து ஓடுவது மிஞ்சிப்போனால் ஐம்பது அறுபது நாள். மீதி முந்நூறு நாளும் ஏதாவது ஒரு தீவின் ஓரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிறோம். தூங்குவது, சமைப்பது, துவைப்பது, சண்டை போடுவது எல்லாம் ஒரு சங்கிலியின் முனையில். ஆனால் படகு வாங்கப் போகிறவர்கள் பாயைத் தடவிப் பார்க்கிறார்கள், உள்ளே கட்டில் எவ்வளவு அகலம் என்று பார்க்கிறார்கள். நங்கூரத்தை யாரும் பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கவில்லை. எங்களுடையது 12 மீட்டர் நீளப் பாய்மரப் படகு. பழைய சொந்தக்காரர் வைத்திருந்த 16 கிலோ நங்கூரத்தோடு முதல் வருடத்தை ஓட்டினோம். அந்த வருடம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. இப்போது 25 கிலோ நங்கூரமும், 10 மில்லிமீட்டர் கனத்தில் 60 மீட்டர் சங்கிலியும் இருக்கின்றன. சங்கிலி மட்டுமே 130 கிலோவுக்கு மேல். படகில் நாங்கள் செய்த செலவுகளில் இது ஒன்றுக்குத்தான் இன்றுவரை நான் முணுமுணுத்ததில்லை.

நங்கூரம் தன் எடையால் மட்டும் படகைப் பிடித்து நிறுத்துவதில்லை. மணலுக்குள் ஏர் போலக் கொழு இறங்க வேண்டும். அது இறங்க வேண்டுமென்றால் இழுவை தரையோடு படுக்கையாக வர வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். அதற்காகத்தான் ஆழத்தைப்போல ஐந்து மடங்கு, காற்று பலத்தால் ஏழு மடங்கு சங்கிலி விடச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கில் புதியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குவார்கள். ஆழம் 6 மீட்டர் என்றால் 30 மீட்டர் போதும் என்று நினைத்துவிடுவார்கள். சங்கிலி தண்ணீர் மட்டத்திலிருந்தா இறங்குகிறது? படகின் முன்முனையிலிருந்து இறங்குகிறது. எங்கள் முன்முனை தண்ணீருக்கு மேல் 1.3 மீட்டர் உயரம். ஓதம் ஏறிக் கடல்மட்டம் உயர்ந்தால் இன்னும் அரை மீட்டர். ஆக 7.8 மீட்டருக்குத்தான் ஐந்து மடங்கு போட வேண்டும். அது 39. ஒன்பது மீட்டர் துண்டு விழுகிறது பாருங்கள். அதோடு உங்கள் ஆழமானி தண்ணீர் மட்டத்திலிருந்து அளக்கிறதா, படகின் அடியிலிருந்து அளக்கிறதா என்று ஒரு முறை நூல்குண்டு விட்டுச் சரிபார்த்துவிடுங்கள். எங்களுடையது அடியிலிருந்து அளக்கிறது என்பது நான்கு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சங்கிலி விட்டு முடித்ததும் எஞ்சினைப் பின்னோக்கி மெல்ல மெல்ல முடுக்கி நங்கூரத்தை இழுத்துப் பார்க்க வேண்டும். கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு கூரையையும் நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள். அந்தக் கோடு கலையாமல் நின்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் முகமூடியை மாட்டிக்கொண்டு குதித்து நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பான, கண்ணாடி மாதிரியான தண்ணீரில் மிதந்துகொண்டு எதையும் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. வெப்பமண்டலத்தில் வாழ்வதன் உண்மையான சலுகை இதுதான் என்பேன்.

சரி, இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன்.

மார்கேசஸுக்குத் தென்மேற்கே இருக்கும் துவாமோட்டு தீவுக்கூட்டத்தில் ஏறத்தாழ எண்பது பவளத்தீவுகள். ஒவ்வொன்றும் ஒரு மோதிரம் மாதிரி. வளையத்தில் தென்னை, உள்ளே அமைதியான ஏரிபோலக் கடல். 1768இல் இந்தப் பக்கம் வந்த பிரெஞ்சு மாலுமி பூகன்வில் இதற்கு ஆபத்தான தீவுக்கூட்டம் என்றே பேர் வைத்துவிட்டுப் போனார். தீவுகளின் உயரமே தென்னை மர உயரம்தான், பக்கத்தில் வரும்வரை தெரியாது. அங்கே வழக்கமான காற்று தென்கிழக்கிலிருந்து. அதனால் வளையத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் தென்கிழக்கு மூலையில் போய் ஒதுங்குவார்கள். தென்னை மரங்கள் காற்றைத் தடுக்கும், தண்ணீர் தட்டில் ஊற்றியது போலக் கிடக்கும். நாங்களும் ஒதுங்கினோம். ஆழம் 8 மீட்டர், சங்கிலி 50 மீட்டர். மணல்தான். ஆனால் மணலில் அங்கங்கே, ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும், பவள உருண்டைகள். நங்கூரத்தை அவற்றுக்கு நடுவே பார்த்துத்தான் போட்டிருந்தோம். மூன்று நாள் அப்படியே இருந்தோம். காற்று கொஞ்சம் கிழக்கே போகும், கொஞ்சம் தெற்கே வரும், படகும் கூடவே சுற்றும். படகு சுற்றினால் கீழே தரையில் கிடக்கும் சங்கிலியும் சுற்றும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

தெற்கே வெகுதூரத்தில் குளிர்க்காற்று முகப்பு (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) ஒன்று கடந்தால், இந்த அட்சங்களில் காற்று வடகிழக்கு, வடக்கு, வடமேற்கு, மேற்கு என்று திரும்பி, ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் பழைய இடத்துக்கு வரும். அப்படி ஒன்று மறுநாள் மதியம் வரும், 20 நாட் இருக்கும் என்று முன்னறிவிப்பு. “காலையில் எதிர்ப்பக்கம் போய்விடலாம்” என்று பேசி வைத்துக்கொண்டு படுத்தோம். அது ராத்திரி ஒன்றரை மணிக்கே வந்துவிட்டது. 32 நாட்.

காற்று இரண்டு மடங்கானால் படகின் மீது அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதைவிட மோசம், காற்று வந்த திசை. வடமேற்கில் எங்களுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் திறந்த நீர். சீக்கிரமே ஒன்றரை மீட்டர் அலை எழும்பிவிட்டது. மாலை வரை எங்களைக் காத்த கரை இப்போது பின்னால் எழுபது மீட்டரில், நுரை வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

சங்கிலிக்கும் படகுக்கும் நடுவே ஸ்னப்பர் என்று ஒரு நைலான் கயிறு கட்டியிருப்போம். சங்கிலி இழுபடாது, நைலான் இழுபடும். அலையின் வெட்டை அது வாங்கிக்கொள்ளும். அந்தக் கயிறு துப்பாக்கி வெடித்தது மாதிரிச் சத்தத்தோடு அறுந்தது. அதற்குப் பிறகு ஒவ்வோர் அலைக்கும் படகின் மூக்கு மேலே போகும், சங்கிலி விறைக்கும், படகு முழுக்க ஓர் உதறல். அலமாரியில் இருந்த தட்டு டம்ளர் எல்லாம் தரையில். 50 மீட்டர் சங்கிலி இருக்கும்போது ஏன் இப்படி உதறுகிறது என்று எனக்குப் புரியவே இல்லை. கீழே சங்கிலி இரண்டு பவள உருண்டைகளைச் சுற்றிக்கொண்டு, எங்களிடம் மிச்சம் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் இருந்தது. அது காலையில்தான் தெரிந்தது.

அவன் முன்பக்கம் தவழ்ந்துபோய் இரண்டாவது ஸ்னப்பரைக் கட்டினான். நான் சுக்கானில். எஞ்சினை முன்னோக்கி மெதுவாக ஓடவிட்டு, அலை வரும்போது கொஞ்சம் கூட்டி, போனதும் குறைத்து, சங்கிலியின் பாரத்தைத் தளர்த்திக்கொண்டே இருந்தேன். விடியும்வரை நாலரை மணி நேரம் இதேதான். நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமே என்று கேட்பீர்கள். இருட்டில் பவளப்பாறை கண்ணுக்குத் தெரியாது. போகிற வழியில் எதிலாவது ஏறினால் கதை முடிந்தது. மாட்டிக்கொண்ட இடத்திலேயே நின்று சமாளிப்பதுதான் இருந்த ஒரே வழி.

எட்டு மணிக்குக் காற்று கொஞ்சம் தணிந்ததும் அவன் இறங்கிப் பார்த்தான். தண்ணீருக்குள்ளிருந்து கையைக் காட்ட, நான் படகை இடப்பக்கம் ஒரு சுற்று, வலப்பக்கம் அரைச் சுற்று என்று ஓட்டி, நூல்கண்டுச் சிக்கலைப் பிரிப்பது மாதிரிப் பிரித்தோம். முன்முனையில் சங்கிலி உருளும் சக்கரத்தின் பக்கத்தகடு ஒரு விரல் அளவு வளைந்திருந்தது. ஒரு பவள உருண்டையின் மேல் பாதி சிதறிக் கிடந்தது. அவை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அந்தத் தகட்டை நிமிர்த்திவிட்டோம். மற்றதை என்ன செய்ய?

அந்தக் காலையோடு எங்களுடைய பழக்கங்கள் மாறின. முதலாவது, காற்று திரும்பப்போகிறது என்று முன்னறிவிப்பு வாயைத் திறந்தாலே போதும், முந்தின நாள் மதியமே இடம் மாறிவிடுவோம். வீணாகப் போனாலும் ஒரு லிட்டர் இரண்டு லிட்டர் டீசல்தானே. இரண்டாவது, பவள உருண்டை இருக்கும் இடத்தில் சங்கிலியை மிதக்கவிடுகிறோம். இதை அங்கே வருடக்கணக்காகச் சுற்றும் படகுக்காரர்களிடம் கற்றுக்கொண்டோம். நங்கூரத்திலிருந்து முதல் பத்துப் பதினைந்து மீட்டர் தரையில் கிடக்கட்டும், இழுவை படுக்கையாக இருக்க அது வேண்டும். அதன் பிறகு ஐந்தாறு மீட்டருக்கு ஒன்றாக மிதவைகளைச் சங்கிலியில் கொக்கியால் மாட்டிக்கொண்டே விட வேண்டும். சங்கிலி பாறைகளுக்கு மேலே மாலைபோல் தொங்கிக்கொண்டு நிற்கும். காற்று எப்படித் திரும்பினாலும் எதிலும் சுற்றாது. மிதவை வாங்க வேண்டியதே இல்லை. முத்துப் பண்ணைகளிலிருந்து அறுந்து வந்த கறுப்புப் பந்துகள் காற்றோரக் கரைகளில் ஒதுங்கிக் கிடக்கும். குப்பையைப் பொறுக்கியது மாதிரியும் ஆயிற்று. எங்களிடம் இப்போது ஏழு இருக்கின்றன.

மூன்றாவது, கைபேசியில் நங்கூர அலாரம். ஜிபிஎஸ் பார்த்து, படகு ஒரு வட்டத்தைத் தாண்டினால் அலறும். ஒரே ஒரு நுணுக்கம்: அலாரத்தை நங்கூரம் தரையைத் தொடும் நொடியில் வைக்க வேண்டும். எல்லாம் முடித்துக் காப்பி குடித்துவிட்டு வைத்தால், வட்டத்தின் மையம் நங்கூரமாக இருக்காது, உங்கள் சமையலறையாக இருக்கும். காற்று திரும்பும் ஒவ்வோர் இரவும் சும்மா அலறும். நாலாவது நாள் அதை அணைத்துவிட்டுத் தூங்குவீர்கள்.

இனி சத்தம். நங்கூரம் போடும்போது ஒருவர் முன்முனையில், மற்றவர் பன்னிரண்டு மீட்டர் தள்ளிப் பின்னால் சுக்கானில். நடுவே எஞ்சின் சத்தம், காற்று. முன்னால் இருப்பவர் சாதாரணமாகச் சொன்னால் கேட்காது, கத்திச் சொன்னால் திட்டுவது போலக் கேட்கும். நாங்கள் கல்லூரியிலிருந்தே வாடா போடா என்று பேசிப் பழகியவர்கள், எங்களுக்கு எதுவும் பெரிதில்லை என்று நினைத்திருந்தேன். முதல் வருடம் ஒரு குடாவில், சுற்றிப் பத்துப் படகு பார்க்க, “பின்னால போ!” “எவ்வளவு?” “போன்னா போ!” என்று தொடங்கி, எப்போதோ முடிந்துபோன ஒரு கல்யாண விஷயம் வரை போய்விட்டோம். நங்கூரம் விழுந்ததா என்பதே இருவருக்கும் நினைவில்லை. அன்று மாலை உட்கார்ந்து கைஜாடை முடிவு செய்தோம். நீட்டிய கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். முன்னால் ஒரு விரல், மெல்ல முன்னே. கட்டை விரல் பின்னால், பின்னே. மூடிய முஷ்டி, நிறுத்து. மொத்தமே ஆறு ஜாடை. கூடவே ஒரு விதி: நங்கூரம் பிடித்து எஞ்சின் நிற்கும்வரை யாரும் எதையும் விமர்சிக்கக் கூடாது. எஞ்சின் நின்ற பிறகு பார்த்தால் விமர்சிக்க ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. மிச்சம் இருந்தாலும் பசி வந்துவிடும்.

நிற்பதற்கு முன்னால் உள்ளே நுழைய வேண்டுமே, அது தனிப் பாடு. பவள வளையத்தில் ஓரிரு இடைவெளிதான் இருக்கும். வெளியே பெரிய அலைகள் வளையத்தின் மேல் ஏறி உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கும். அவ்வளவு தண்ணீரும் அந்த இடைவெளி வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஓதம் இறங்கும் நேரமும் சேர்ந்தால் நீரோட்டம் 6 நாட்டைத் தாண்டும் இடங்கள் உண்டு. எங்கள் எஞ்சின் முழு வேகத்தில் கொடுப்பதே 6 நாட். அதாவது எஞ்சின் கதறும், படகு நின்ற இடத்திலேயே நிற்கும். காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக இருந்தால் வாயிலில் செங்குத்தான அலைகள் எழுந்து நிற்கும். ஓதம் மாறும் அந்த அமைதியான இடைநேரத்தில்தான் நுழைய வேண்டும். அட்டவணையில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். வெளியே தெற்கு அலை பெரிதாக இருந்த நாட்களில், உள்ளே ஓடும் நீரோட்டம் என்பதே இல்லாமல் நாள் முழுக்க வெளியேதான் ஓடியதைப் பார்த்திருக்கிறோம். வாயிலுக்கு வெளியே இரண்டு மணி நேரம் சும்மா மிதந்து, தொலைநோக்கியில் தண்ணீரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எந்த வெட்கமும் இல்லை.

நுழைந்த பிறகு வழிகாட்டி கண்தான். சில தீவுகளின் கடல் வரைபடங்களுக்கு ஆதாரமே 19ஆம் நூற்றாண்டு அளவீடுகள். ஜிபிஎஸ் உங்கள் இடத்தைத் துல்லியமாகச் சொல்லும், பாறை வரைபடத்தில் நூறு மீட்டர் தள்ளி இருக்கும். செயற்கைக்கோள் படங்களை முன்கூட்டியே இறக்கி ஓப்பன் சிபிஎன் என்ற கடல் வரைபட மென்பொருளில் போட்டுப் பார்ப்போம், நல்ல துணை. ஆனாலும் காலை பத்திலிருந்து மதியம் இரண்டுக்குள், சூரியன் தலைக்கு மேலோ முதுகுப் பக்கமோ இருக்கும்போதுதான் நகர்வோம். கூசும் ஒளியை வடிகட்டும் போலராய்டு கண்ணாடி கட்டாயம். கருநீலம் ஆழம். வெளிர்ப் பச்சை, மணல் மேல் ஐந்தாறு மீட்டர். பச்சை வெளுத்துக்கொண்டே போனால் தண்ணீர் குறைகிறது. பழுப்போ மஞ்சளோ தெரிந்தால் யோசிக்காதே, திருப்பு. மேகம் ஒன்று சூரியனை மறைத்தால் அத்தனை நிறமும் ஒரே சாம்பலாகிவிடும், ஒரு நொடியில் குருடானது போல இருக்கும். அப்போது நின்றுவிடுவோம்.

இப்படி ஒரு வாயிலின் நடுவில்தான் எங்கள் எஞ்சின் ஒரு முறை இருமி நின்றது. காரணம் எளிது. டீசல் தொட்டியின் அடியில் வருடக்கணக்கில் சேர்ந்த கசடு, அமைதியான கடலில் படிந்து கிடக்கும். தீவை நெருங்கும்போது கடல் குலுக்கியதும் அது கலங்கி வடிகட்டியை அடைத்துவிடும். எஞ்சின் மிகவும் தேவைப்படும் இடத்தில் நிற்பது ஏதோ சாபம் இல்லை, அதன் இயல்பே அப்படித்தான். அன்று பாய் அரைகுறையாக மேலே இருந்ததால் தப்பித்தோம். அதைப் பிடித்துத் திரும்பி வெளியே வந்துவிட்டோம். அதிலிருந்து, பாயை ஏற்றத் தயாராக வைக்காமல் எந்த வாயிலுக்குள்ளும் நுழைவதில்லை. வடிகட்டி மாற்றுவதை இருவரும் கண்ணை மூடிக்கொண்டே செய்யப் பழகினோம். அவனுக்கு ஏழு நிமிடம், எனக்கு ஆறு. இதைச் சொல்லிக்காட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நின்று வாழும்போது தண்ணீரும் மின்சாரமும் வேண்டும். இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சுமார் 55 பார் அழுத்தத்தில் சவ்வு வழியாகத் தள்ளி நன்னீர் எடுக்கும் கருவி எங்களிடம் இருக்கிறது. அந்தச் சவ்வுக்கு எமன் குளோரின். கரையில் குழாய்த் தண்ணீரை நேரடியாக விட்டு அதைக் கழுவினேன். புதுச் சவ்வு பாழ். கரி வடிகட்டி வழியாகத்தான் விட்டிருக்க வேண்டும். இந்தத் தப்பு என்னுடையது, வடிகட்டி மாற்றும் பெருமையோடு இதையும் எழுதிவிடுகிறேன். மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து. பாய்மரத்தின் நிழல் ஒரு கோடு விழுந்தாலே உற்பத்தி சரிந்துவிடும் என்பதால், பாயின் அடித்தண்டைக் காலையில் ஒரு பக்கமும் மதியத்துக்கு மேல் மறுபக்கமும் இழுத்துக் கட்டுவது என் தினசரி வேலை. அட்டைப்பெட்டியைப் படகில் ஏற்றாதீர்கள், கரப்பான் முட்டை அதில்தான் வரும். குளிர்சாதனத்தில் வைக்கப்படாத, கழுவாத முட்டை கிடைத்தால் வாங்குங்கள், இரண்டு நாளுக்கு ஒரு தடவை திருப்பிப்போட்டால் வாரக்கணக்கில் தாங்கும்.

மீனைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கையெட்டும் தூரத்தில் பவளப்பாறை, அதில் முழங்கை நீளக் களவா மீன். பிடிக்கத் தோன்றும். சிகுவாடெரா என்று ஒரு நஞ்சு இருக்கிறது. பாறைப் பாசியில் வாழும் நுண்ணுயிர் ஒன்று உண்டாக்குவது. பாசி தின்னும் சிறு மீன், அதைத் தின்னும் பெரிய மீன் என்று ஏறிக்கொண்டே போய்ப் பெரிய மீனில் சேர்ந்துவிடும். சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. மீனைப் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. குளிர்ந்த தண்ணீர் கையைச் சுடுவது போல உணர்வது இதன் விசித்திரமான அறிகுறி, அது வாரக்கணக்கில் நீடிக்கலாம். ஒரு தீவில் பாதுகாப்பான மீன் அடுத்த தீவில் நஞ்சாக இருக்கும். அந்தந்தக் கரையில் மீன் பிடிப்பவர்களைக் கேட்பதுதான் ஒரே வழி. கேட்க ஆள் இல்லை என்றால், ஆழ்கடலில் தூண்டிலில் மாட்டும் சூரை போன்றவை மட்டும்தான் எங்களுக்கு.

மூன்றாம் வருடம் அவன் கணுக்காலில் பவளம் கீறியது. அரை அங்குலக் கீறல், அவன் கண்டுகொள்ளவே இல்லை. இந்த வெப்பத்தில், ஈரத்தில், உப்பில் அப்படி விடக் கூடாது. உடனே நன்னீரில் தேய்த்துக் கழுவி, உள்ளே துகள் இல்லாமல் பார்த்து, மருந்து போட்டு, ஆறும்வரை கடலில் இறங்காமல் இருக்க வேண்டும். நாலாம் நாள் கால் சிவந்து வீங்கி, காய்ச்சல். கிளம்பும் முன் மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்திருந்த ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கிவிட்டு, செவிலியர் இருக்கும் ஊருக்கு வளையத்துக்குள்ளேயே பதினைந்து மைல் போக வேண்டியிருந்தது. அவன் படுக்கையில். நங்கூரம் அவன் வேலை, மூன்று வருடத்தில் நான் ஒரு தடவை கூட எடுத்ததில்லை.

எஞ்சினை முன்னோக்கி ஐந்து நொடி ஓடவிடுவேன், நியூட்ரலில் போடுவேன், முன்னால் ஓடுவேன், சங்கிலி தளர்ந்த அளவுக்கு மோட்டாரால் சுருட்டுவேன், மிதவையைக் கழற்றுவேன், காற்று படகைத் திருப்புவதற்குள் பின்னால் ஓடுவேன். ஒவ்வொரு மிதவைக்கும் இதே. ஐந்தாவது மிதவையில் கொக்கி சிக்கிக்கொண்டது. விரலுக்குள் சங்கிலி போய்விடும் என்று பயந்து, சமையல் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டேன். கீழேயிருந்து அவன், “முஷ்டி காட்டு, நிறுத்து” என்று காய்ச்சலில் உளறுவது கேட்டது. யாருக்குக் காட்ட? இருவரும் சேர்ந்து பதினைந்து நிமிடத்தில் முடிக்கிற வேலை ஒரு மணி நேரம் ஆயிற்று. அவன் தேறிய பிறகு, மாதத்தில் ஒரு வாரம் இருவரும் இடம் மாறிக்கொள்கிறோம். நான் முன்னால், அவன் சுக்கானில். அவன் ஓட்டுவது அவ்வளவு நன்றாக இல்லை, ஆனாலும் விதிப்படி வாயைத் திறப்பதில்லை.

இப்போது அக்டோபர் கடைசி. தென் பசிபிக்கில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் பருவம். எங்களைப் போன்றவர்கள் எல்லோருக்கும் இந்த மாதத்தில் பேச்சே எங்கே போய் ஒதுங்குவது என்பதுதான். சிலர் தெற்கே நியூசிலாந்துக்கு இறங்குகிறார்கள். சிலர் படகைக் கரையேற்றி, குழி தோண்டிக் கீழ்ப்பாகத்தை அதில் இறக்கி, பட்டையால் தரையோடு கட்டிவிட்டுப் போகிறார்கள். நாங்கள் வடகிழக்கே மார்கேசஸுக்குத் திரும்புவதாக இருக்கிறோம். 8 முதல் 10 பாகை தெற்கு அட்சத்தில் இருப்பதால் புயல் அங்கே எட்டுவது அரிது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நீனோ வருடங்களில் மட்டும் புயல்களின் பாதை கிழக்கே நகர்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுமார் 500 மைல், காற்று வடகிழக்கிலிருந்து வந்தால் முழுக்க எதிர்க்காற்று. அதனால் காற்று தெற்கே சாய்கிற ஒரு நல்ல நாளுக்காக ஒன்பது நாளாக இந்தத் தீவில் காத்திருக்கிறோம்.

இன்று காலை காற்று திரும்பியது. சங்கிலி எப்படிக் கிடக்கிறது என்று பார்க்க அவன் முகமூடியோடு இறங்கியிருக்கிறான். நான் மேலே உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் தலையை வெளியே நீட்டி, ஒரு மிதவையைக் காணோம் என்கிறான். எத்தனையாவது என்று கேட்டேன். எண்ணிவிட்டு வருகிறேன் என்று மறுபடி முங்கிவிட்டான்.